மறதி நோயாளியின் பக்கத்தில் நின்றவர்கள்

மறதி நோயின் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு மருத்துவரிலிருந்து தொடங்குவார்கள். அல்சைமர் என்ற அவருடைய பெயரே நோயின் பெயராக நிலைத்துவிட்டதால் அது இயல்புதான். ஆனால் அந்த வரலாற்றுக்கு முதல் சாட்சி சொன்னவர், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்த கார்ல் டீட்டர் என்ற சாதாரண மனிதர். 1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி அவருடைய மனைவி ஆகஸ்ட் டீட்டர் அந்நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அந்த அம்மாளுக்கு வயது 51.

திருமணமாகி ஏறக்குறைய 28 ஆண்டுகள். ஒரே மகள். அதுவரை ஒழுங்காகக் குடும்பம் நடத்தி வந்த பெண் திடீரென்று கணவர் மீது சந்தேகப்பட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அவருக்குத் தொடர்பு என்றார். சமையலில் தவறுகள் செய்தார். பொருள்களை இங்குமங்கும் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்தார். சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் திரிந்தார். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கத்தினார். இவையெல்லாம் பின்னாளில் மருத்துவ ஏட்டில் அச்சாகி, உலகம் முழுவதும் மாணவர்கள் படிக்கும் பாடமாயின. ஆனால் இவற்றில் எதையும் மருத்துவர் தம் கண்ணால் கண்டதில்லை. மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்பு வீட்டில் நடந்தவை அவை. கூட இருந்து பார்த்த கணவர் சொல்லித்தான் அவை பதிவாயின. ஒரு நோயின் முதல் கட்டத்தை உலகுக்கு அறிவித்தது, மனைவியால் சந்தேகிக்கப்பட்ட ஒரு கணவரின் வாக்குமூலம்.

மறுநாள் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் அந்த அம்மாளிடம் பேசினார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டதற்கு ஆகஸ்ட் என்றார். குடும்பப் பெயரைக் கேட்டதற்கும் ஆகஸ்ட். கணவரின் பெயரைக் கேட்டதற்கும் அதே பதில், கொஞ்சம் தயக்கத்தோடு. தட்டில் காலிபிளவரும் பன்றி இறைச்சியும் இருக்க, என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது 'திருமதி' என்று எழுதியதும் அடுத்து என்ன எழுதவேண்டும் என்பது மறந்துபோனது. தாம் தம்மையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதும் குறிப்பில் இருக்கிறது.

மருத்துவமனையில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிய குறிப்புகளில் இரண்டு, படிப்பவர் மனத்தைப் பிசையும். மருத்துவர் வந்தால், வீட்டுக்கு விருந்தாளி வந்ததாக நினைத்து வரவேற்று, வேலை இன்னும் முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்பாராம். இன்னொன்று, படுக்கை விரிப்புகளை இழுத்துக்கொண்டு நடந்து கணவரையும் மகளையும் கூப்பிடுவாராம். கணவரின் பெயரைச் சொல்லத் தெரியாதவருக்கு, கணவர் என்று ஒருவர் உண்டு, அவர் வரவேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

நான்கரை ஆண்டுகள் அங்கேயே இருந்து, 1906 ஏப்ரல் 8ஆம் தேதி படுக்கைப் புண்ணால் ஏற்பட்ட நச்சுத்தன்மையில் அவர் இறந்தார். அதற்குள் அல்சைமர் மியூனிக் நகருக்கு மாறிப் போயிருந்தார். இருந்தும் அந்த நோயாளியை அவர் மறக்கவில்லை. மூளையையும் மருத்துவக் கோப்பையும் வரவழைத்து நுண்நோக்கியில் ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது, நரம்பணுக்களுக்குள் நூல் சிக்கல் போன்ற முடிச்சுகளும் அணுக்களுக்கு வெளியே படிவுகளும் இருந்தன. 1906 நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கன் நகரில் கூடிய மனநல மருத்துவர்கள் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். பேசி முடித்தபோது கூட்டத்திலிருந்து ஒரு கேள்வியும் எழவில்லை. 1910ல் அவருடைய தலைவர் எமில் கிரேப்பெலின் தமது பாடநூலில் இதற்கு 'அல்சைமர் நோய்' என்று பெயரிட்டார். 1915ல் அல்சைமர் இறந்தார். அவருக்கும் அப்போது வயது 51தான்.

ஆகஸ்ட் டீட்டரின் கோப்பு காணாமல் போய், 1995 டிசம்பரில்தான் பிராங்பர்ட் மருத்துவமனையின் காப்பகத்திலிருந்து மீண்டும் கிடைத்தது. நோயாளியின் நடுங்கும் கையெழுத்தும் புகைப்படமும் அதில் இருந்தன.

அரை நூற்றாண்டு மௌனம்

பெயரிட்டதில் ஒரு விபரீதம் நேர்ந்தது. ஐம்பது வயதில் வந்தால்தான் அது அல்சைமர் நோய். எழுபது, எண்பதில் வந்தால் அது வெறும் முதுமை என்று மருத்துவ உலகம் பிரித்து வைத்தது. நடுவயதில் வருவது அரிது. ஆகவே இது அரிய நோய் என்றாகிவிட்டது. அரிய நோய்க்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? முதியோருக்கு வந்தால் நோயே இல்லை என்ற பிறகு, மருத்துவரிடம் போய் என்ன பயன்? வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் விடுதியில் விடுங்கள் என்பதே பதிலாக இருந்தது.

இந்தத் தவறு திருத்தப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸட், டொம்லின்சன், ரோத் ஆகிய மூவரும், இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்து, அல்சைமர் கண்ட அதே படிவுகள் அங்கும் இருப்பதைக் காட்டினார்கள். 1976ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மன் ஒரு மருத்துவ ஏட்டின் தலையங்கத்தில், ஐம்பதில் வருவதும் எண்பதில் வருவதும் ஒரே நோய்தான் என்று உறுதிபட எழுதினார். அரிய நோயாக இருந்தது ஒரே தலையங்கத்தில் பெரும் உயிர்க்கொல்லிகளில் ஒன்றானது.

அதே 1976ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு காட்சி. 1946ல் 'கில்டா' படத்தின் மூலம் உலகையே கிறங்க வைத்த ஹாலிவுட் நடிகை ரீட்டா ஹேவர்த், விமானத்திலிருந்து கலைந்த தலையும் வெறித்த பார்வையுமாக இறக்கி விடப்பட்டார். புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் வந்த படத்தைப் பார்த்தவர்கள் குடிபோதை என்றார்கள். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்ததும் உண்மை. அதனால் வேறு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்தன. 1972ல் வெளிவந்த கடைசிப் படத்தில் வசனத்தை நினைவில் வைக்க முடியாமல், ஒரு வரி, ஒரு வரியாகப் படமெடுக்க வேண்டியிருந்தது.

1980ல்தான் அது அல்சைமர் நோய் என்று கண்டறியப்பட்டது. 1981ல் நீதிமன்றம் அவரை மகள் யாஸ்மின் ஆகா கானின் பொறுப்பில் விட்டது. நடிகைக்கும் இளவரசர் அலி கானுக்கும் பிறந்த யாஸ்மினுக்கு அப்போது முப்பத்தொரு வயது. நியூயார்க்கில் தம் வீட்டை ஒட்டிய வீட்டிலேயே தாயை வைத்துக் கவனித்துக்கொண்டார். வசதி படைத்தவர், தாதியரை அமர்த்திக்கொள்ள முடிந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியத்துக்குப் பணம் தேவையில்லை, துணிச்சல் தேவை. தாயின் நோயை மறைக்காமல் பெயர் சொல்லி வெளியில் பேசினார். குடிகாரி என்று ஊர் முடிவு கட்டிய ஒருவரை நோயாளி என்று ஊர் அறியச் செய்தார். 1987 மே மாதம் ரீட்டா ஹேவர்த் மறைந்தபோது, அந்தக் குடும்பத்தின் துணிச்சல் பெரும் பொதுத்தொண்டு என்று அமெரிக்க அதிபர் ரோனல்ட் ரீகன் அறிக்கை விட்டார். 1983ல் நவம்பர் மாதத்தை அல்சைமர் விழிப்புணர்வு மாதமாக அறிவித்தவரும் அவரே. 1994 நவம்பரில் தமக்கும் அந்நோய் வந்திருப்பதாக நாட்டு மக்களுக்கு அவர் தம் கைப்படக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு 2004ல் இறக்கும்வரை பத்தாண்டுகள் மனைவி நான்சியின் பராமரிப்பு.

குடும்பங்கள் கூடிய காலம்

பிரபலங்களின் கதை பரவுவதற்குச் சற்று முன்பே, பெயர் தெரியாத குடும்பங்கள் தங்களுக்குள் கூட ஆரம்பித்துவிட்டன. 1978ல் கனடாவில், 1979ல் பிரிட்டனில், 1980ல் அமெரிக்காவில் சங்கங்கள் தோன்றின. அமெரிக்கச் சங்கத்தை முன்னின்று அமைத்த ஜெரோம் ஸ்டோன் மருத்துவர் அல்ல, சிகாகோ தொழிலதிபர். 1970ல் அவருடைய மனைவிக்கு இந்நோய் இருப்பது தெரிந்தது. யாரிடம் போவது, என்ன படிப்பது என்று அலைந்து பார்த்து, எதுவும் இல்லை என்று கண்டவர். 1980 அக்டோபரில் அமெரிக்கப் பத்திரிகைகளில் புகழ்பெற்ற ஒரு கேள்வி-பதில் பகுதியில், கணவரின் நோயால் தவிக்கும் பெண் ஒருவரின் கடிதம் வந்தது. பதிலில் இந்தப் புதிய சங்கத்தின் முகவரி கொடுக்கப்பட்டது. 20,000க்கும் அதிகமான கடிதங்கள் வந்து குவிந்தன. அதுவரை ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

1981ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் இருவரும் பராமரிப்போருக்காக ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் பெயர் 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்று பொருள்படும். பராமரிப்பவருக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தில் முடிவதில்லை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நோயாளி குளிக்க மறுத்தால் என்ன செய்வது, இரவில் எழுந்து நடந்தால் என்ன செய்வது, உங்களுக்கே கோபம் வந்தால் என்ன செய்வது என்று பேசிய அந்நூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் விற்பனையாகிறது. 1984ல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து அனைத்துலக அல்சைமர் கூட்டமைப்பை அமைத்தன. செப்டம்பர் 21ஆம் தேதியை உலக அல்சைமர் தினமாக 1994ல் அறிவித்தது அந்தக் கூட்டமைப்புதான். யாஸ்மின் ஆகா கான் பின்னாளில் அதன் தலைவராகவும் இருந்தார்.

எப்படிப் பேசுவது என்பதிலும் அந்த ஆண்டுகளில் ஒரு பெரிய மாற்றம் ஏற்பட்டது. முன்பெல்லாம் நோயாளிக்கு உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லி நிகழ்காலத்துக்கு இழுத்து வருவதுதான் முறை. இன்று திங்கட்கிழமை, இது மருத்துவமனை என்று பலகையில் எழுதி வைப்பார்கள். பலகை உதவியது. ஆனால், என் கணவர் எங்கே என்று கேட்கும் மூதாட்டியிடம் அவர் இறந்து பத்து வருடமாயிற்று என்று சொன்னால், அந்த அம்மாளுக்கு அது அன்றைய செய்தி. அழுவார். மறப்பார். மறுபடி கேட்பார். மறுபடி விதவையாவார். அமெரிக்காவில் முதியோர் இல்லத்திலேயே வளர்ந்த நேயோமி ஃபைல் என்ற சமூகப் பணியாளர் இந்த முறையை எதிர்த்தார். கேள்விக்குப் பின்னால் இருக்கும் உணர்வைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், அவர் எப்படிப்பட்டவர், உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று கேளுங்கள் என்றார். இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் இன்னும் ஒரு படி மேலே போனார். நோயாளியின் தலைக்கு மேலாகப் பேசுவது, அவசரப்படுத்துவது, குழந்தையைப் போல நடத்துவது ஆகியவை நல்லவர்களே அறியாமல் செய்யும் கொடுமைகள் என்று 1997ல் வெளிவந்த நூலில் வரிசைப்படுத்தினார். சீரழிவில் ஒரு பகுதி மூளையால் வருவது, இன்னொரு பகுதி சுற்றியிருப்போரால் வருவது என்பது அவர் வாதம். வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் இதைப் படித்துக் குற்ற உணர்வு கொண்டதும் உண்டு. அதில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது. தூக்கமில்லாத ஒரு மகளால் எல்லா நேரமும் நிதானமாகப் பேச முடியாது.

ஜப்பானின் மருமகள்கள்

ஆசியாவில் இந்த வரலாறு வேறு பாதையில் சென்றது. ஜப்பானில் முதலில் கண்ணைத் திறந்தது ஒரு நாவல். 1972ல் எழுத்தாளர் சவாக்கோ அரியோஷி எழுதிய அந்நூலில், வேலைக்குப் போகும் அக்கிக்கோ என்ற மருமகள், மனைவியை இழந்த மாமனாரைப் பராமரிக்கிறாள். அந்த மாமனார் காலமெல்லாம் அவளைக் கரித்துக் கொட்டியவர். இப்போது பெற்ற மகனை யார் என்று தெரியவில்லை. மருமகளை மட்டும் தெரிகிறது. புத்தகம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டே திரைப்படமும் வந்தது. ஜப்பானியக் குடும்பங்களில் மூத்த மருமகள்கள் வாய்திறக்காமல் சுமந்துவந்த பாரத்தை அந்நாடு அப்போதுதான் கதையாகப் படித்தது. இந்திய, இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கதை அந்நியமானதல்ல. பெற்ற பிள்ளைக்குப் பெயர் போகும், வேலை மருமகளுக்கு வரும்.

1980ல் கியோட்டோவில் குடும்பங்கள் ஒரு சங்கம் தொடங்கின. அதன் பெயர், 'அறிவு மழுங்கிய முதியோரைச் சுமக்கும் குடும்பங்களின் சங்கம்' என்பது போன்ற பொருளில் இருந்தது. நோய்க்கு அரசு ஏடுகளில் வழங்கிய சொல்லும் மடமை, மந்தம் என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளால் ஆனது. தன் தாய்க்கு அந்தப் பெயரைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? சொல்ல மனம் வராததால் மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போயிற்று. 2004ல் சுகாதார அமைச்சு குழு அமைத்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, அறிதல் ஆற்றல் சார்ந்த நிலை என்று மட்டும் பொருள்தரும் 'நின்சிஷோ' என்ற சொல்லுக்கு மாறியது. ஒரு நாட்டு அரசாங்கம் ஒரு நோயாளியின் மானத்துக்காக அகராதியைத் திருத்தியது. கியோட்டோ சங்கமும் 2006ல் பெயரை மாற்றிக்கொண்டது: 'நின்சிஷோ உள்ளவர்களும் குடும்பத்தினரும்'. சுமை என்ற சொல் போய்விட்டது. நோயாளிகளும் சங்கத்தின் உறுப்பினரானார்கள்.

2005ல் அங்கு தொடங்கிய ஆதரவாளர் பயிற்சி பற்றியும் சொல்லவேண்டும். சுமார் 90 நிமிட வகுப்பு. முடித்தவர்களுக்கு ஆரஞ்சு நிறக் கைவளையம் கொடுத்து வந்தார்கள். வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளி மாணவர் என்று ஒரு கோடிக்கும் அதிகமானோர் பயிற்சி பெற்றுவிட்டனர். பணத்தை எண்ணத் தெரியாமல் கடையில் தடுமாறும் முதியவரை வரிசையில் நிற்பவர்கள் முறைத்துப் பார்க்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

இன்று உலகெங்கும் எழுதிக் கொடுக்கப்படும் டொனேபெசில் மருந்தைக் கண்டுபிடித்ததும் ஜப்பானியர்களே. ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய ஹச்சிரோ சுகிமோத்தோவின் தாய்க்கு ரத்தக்குழாய் பாதிப்பால் மறதி நோய் வந்தது. பார்க்கப் போன மகனிடம் நீங்கள் யார் என்று கேட்டார். நான் உங்கள் மகன் ஹச்சிரோ என்றதும், எனக்கும் அதே பெயரில் ஒரு மகன் உண்டு என்றாராம். 1996ல் அம்மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நோயைக் குணப்படுத்துவதில்லை. அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கிறது. 2023ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் மருந்தும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறதே தவிர, இழந்ததை மீட்டுத் தருவதில்லை.

மருந்தைவிட அதிகமாக ஜப்பானியக் குடும்பங்களை உலுக்கியது ஒரு நீதிமன்ற வழக்கு. 2007 டிசம்பரில் ஐச்சி மாநிலத்தின் ஓபு நகரில் மறதி நோயுள்ள 91 வயது முதியவர் ஒருவர் வீட்டை விட்டு வெளியேறித் தண்டவாளத்தில் இறங்கி ரயிலில் அடிபட்டு இறந்தார். 85 வயது மனைவி சில நிமிடம் கண்ணயர்ந்துவிட்டார். மாமனாரைப் பார்த்துக்கொள்வதற்காகவே வேறு ஊரிலிருந்து குடிவந்திருந்த மருமகள், அப்போது வேறொரு வேலையில் இருந்தார். ரயில் போக்குவரத்து தடைப்பட்டதற்காக ரயில் நிறுவனம் ஏறக்குறைய 72 லட்சம் யென் இழப்பீடு கேட்டுக் குடும்பத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2013ல் கீழ்நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையையும் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2014ல் மேல்நீதிமன்றம் மகனை விடுவித்து மனைவி பாதித் தொகையைக் கட்டவேண்டும் என்றது. கண்ணயர்ந்ததற்கு விலை என்ன என்பதே கேள்வி. பராமரிப்பவர்கள் பதறிப்போனார்கள். கதவைப் பூட்டி வைக்கவா? கட்டி வைக்கவா? 2016 மார்ச் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்து, மனைவி என்பதாலோ மகன் என்பதாலோ மட்டும் ஒருவர் தானாகவே சட்டப்படி பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை என்று கூறியது. பல ஆண்டுகள் அந்த மூதாட்டி, கணவரை இழந்த துக்கத்தோடு வழக்கையும் சுமந்தார்.

நம் வட்டாரத்தில்

சிங்கப்பூரில் அல்சைமர் நோய்ச் சங்கம் 1990ல் அமைந்தது. மலேசியாவில் அல்சைமர் நோய் அறநிறுவனம் 1997ல். சிங்கப்பூர்ச் சங்கம் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களை நடத்தியது. காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் அழைத்துச் செல்லலாம் என்ற ஏற்பாடு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். மறதி நோயாளிகளுக்கென்றே கட்டப்பட்ட முதல் இல்லமான ஏபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ் 1999ல் பாசிர் ரிஸ் வட்டாரத்தில் செயல்படத் தொடங்கியது. 2013ல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு, 60 வயதைத் தாண்டியோரில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. பத்தாண்டு கழித்து அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது விகிதம் 8.8 விழுக்காடாகச் சற்றுக் குறைந்திருந்தது. ஆனால் முதியோரின் எண்ணிக்கை பெருகிவிட்டதால் கவனிக்கவேண்டியவர்கள் குறையவில்லை.

சட்டமும் குடும்பத்தின் பக்கம் வந்தது. 2008ல் நிறைவேறிய மன ஆற்றல் சட்டம் 2010 மார்ச் மாதம் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்தது. சுயமாக முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் பணத்தையும் பராமரிப்பையும் யார் கவனிக்கவேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே பத்திரம் எழுதி வைக்க அது வழிசெய்தது. எழுதுபவர் தெளிவோடு இருக்கும்போதே எழுதவேண்டும் என்பதுதான் இதன் சிக்கல். நம் வீடுகளில் அப்பா நன்றாக இருக்கும்போது இந்தப் பேச்சை எடுத்தால், சொத்துக்கு அலைகிறான் என்பார்கள். பேச்சை எடுக்கக்கூடிய நிலை வரும்போது காலம் கடந்திருக்கும். பிறகு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். செலவும் அலைச்சலும் கூடும்.

இடத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை இவ்வட்டாரத் தமிழர்கள் தங்கள் வரலாற்றிலேயே பார்க்கலாம். பழகிய இடம் மறதி நோயாளிக்குப் பாதி நினைவு. மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, லயத்து வீட்டிலேயே வாழ்ந்து முதிர்ந்தவர்கள் நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்தில் பாட்டி வழி தவறினாலும் கோயில் வாசலிலோ மளிகைக் கடையிலோ இருப்பதைப் பார்த்து யாராவது கூட்டி வந்துவிடுவார்கள். ஏழாவது மாடியில் மின்தூக்கிக்கு முன்னால் நிற்பவரை யார் வீட்டுப் பாட்டி என்று யாருக்குத் தெரியும்? சிங்கப்பூரின் வீவக புளோக்குகள் ஒன்றைப் போலவே ஒன்று இருப்பவை. நினைவு நன்றாக இருப்பவரே சில நேரம் தடுமாறுவார். 2016ல் ஈசூன் வட்டாரம் மறதி நோயாளிகளுக்கு உகந்த பேட்டையாக அறிவிக்கப்பட்டு, கடைக்காரர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. கெபுன் பாரு வட்டாரத்தில் புளோக்குகளின் சுவர்களில் வெவ்வேறு நிறத்தில், அக்காலத்தவருக்குப் பழக்கமான பொருள்களைப் பெரிது பெரிதாக வரைந்தார்கள். எண் மறந்தாலும் சிவப்புச் சுவர் மறக்காது என்ற நம்பிக்கை.

வெளிநாட்டுப் பணிப்பெண்களை அமர்த்தும் திட்டம் சிங்கப்பூரில் 1978ல் தொடங்கியது. அன்று அது வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காக வந்தது. இன்று எத்தனையோ வீடுகளில் முதியவரோடு நாள் முழுதும் இருப்பவர் அந்தப் பணிப்பெண்தான். இங்கே ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. இந்நோயில் பிற்காலத்தில் கற்ற மொழிகள் முன்னதாகவே நழுவிப்போய், பிள்ளைப் பருவத்து மொழி மட்டும் எஞ்சுவது பல நோயாளிகளிடம் காணப்படுவது. துறைமுகத்திலும் அலுவலகத்திலும் மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசிய மனிதர், எண்பது வயதில் தமிழ் மட்டும் பேசுகிறார். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். பணிப்பெண்ணோ இந்தோனீசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர். பசிக்கிறது என்பதும் வலிக்கிறது என்பதும் யாருக்கும் எட்டாமல், முரட்டுத்தனம் என்று குறிப்பில் ஏறிவிடுகிறது. தாதிமை இல்லங்களுக்குப் போகும் தமிழ்த் தொண்டூழியர்கள் பாட்டுப் பாடவும் பேச்சுத் துணைக்கும் மட்டுமே போவதாகத் தோன்றலாம். மொழிபெயர்ப்பு வேலையும் அவர்களுடையதே. சில சமயம் பணிப்பெண்களே தண்ணீர், வலி, பசி, தூக்கம் என்று பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு சமாளிக்கிறார்கள். குடும்பத்தார் சொல்லிக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

2021 செப்டம்பரில் சிங்கப்பூர் அல்சைமர் நோய்ச் சங்கம் 'டிமென்ஷியா சிங்கப்பூர்' என்று பெயர் மாறியது. அல்சைமர் என்பது மறதி நோயின் ஒரு வகை மட்டுமே. மற்ற வகையினரும் உள்ளே வரவேண்டும் என்பது நோக்கம். சீன நாளிதழ்களும் மடமை என்று பொருள்தந்த பழைய சொல்லைக் கைவிட்டு, அறிவாற்றல் இழப்பு என்ற பொருளுடைய சொல்லுக்கு மாறிவிட்டன. தமிழில் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. யாழ்ப்பாண வழக்கில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். அதில் கேலி கலந்திருக்கிறது. ஞாபக மறதி என்றால் சாவியைத் தொலைப்பது போன்ற சிறு விஷயமாகத் தொனிக்கிறது. முதுமை மறதி என்ற சொல் பரவலாக வழங்குகிறது, மரியாதையாகவும் இருக்கிறது. ஆனால் பிராங்பர்ட் மருத்துவமனையின் முதல் நோயாளிக்கு 51 வயதுதான். அந்தச் சொல்லை நம்பினால், ஐம்பத்து மூன்று வயதில் கடைக் கணக்கைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போடும் ஒருவரையும், மனைவி மீது புதிதாகச் சந்தேகப்படும் ஒருவரையும் இந்த நோய்க்காக மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது.